நுழைவுத் தேர்வு வேறு மாதிரியான தேர்வு

"டீச்சர், பத்தாவதுல 470 எடுத்த பிள்ளை. லெவன்த்லயும் நல்லாத்தான் படிச்சா. இந்த நீட் மாடல் டெஸ்ட்ல மட்டும் 720க்கு 180 தாண்ட மாட்டேங்குது. இவ படிக்கிறாளா, இல்ல புத்தகத்த விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்காளான்னே தெரியல."

ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் யாராவது ஒரு அம்மா பள்ளி வராந்தாவில் நின்று என்னிடம் இப்படிக் கேட்பார். பக்கத்தில் பிள்ளை தலையைக் குனிந்து நிற்கும். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் நுழைவுத் தேர்வு எழுத நினைக்கும் பிள்ளைகளோடு உட்கார்கிறேன். அந்தப் பிள்ளை படிக்கிறாள் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. அவள் தயாராகியிருப்பது பொதுத் தேர்வுக்கு. எழுதிப் பார்த்ததோ நுழைவுத் தேர்வு. பாடம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கேள்வி கேட்பதன் நோக்கம் வேறு. அது புரிந்துவிட்டால் எப்படிப் படிப்பது என்பதும் மாறிவிடும். முதல்முறையாக இந்தப் பக்கம் வரும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். எனக்கு அதிகம் பழக்கம் மருத்துவப் படிப்புக்கான நீட் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும்.

வரிசையில் நிறுத்தும் தேர்வு

பொதுத் தேர்வு ஒரு மாணவியைத் தனியாகப் பார்க்கிறது. பாடப் புத்தகத்தில் உள்ளதை அவள் எழுதிவிட்டால் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். பக்கத்து பெஞ்சுப் பையனும் 95 எடுத்தால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வகுப்பே 95 எடுத்தால் பள்ளியில் இனிப்பு கொடுப்போம்.

நுழைவுத் தேர்வின் வேலை அதுவல்ல. எழுதும் எல்லோரையும் ஒரு வரிசையில் நிறுத்த வேண்டும். 2025இல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க உள்ள எம்பிபிஎஸ் இடங்களோ சுமார் 1.2 லட்சம். எல்லோரும் சரியாகப் பதில் சொல்லும் கேள்வி வரிசை போட உதவாது. ஆகவே, அரைகுறையாகத் தெரிந்தவரையும் நன்றாகத் தெரிந்தவரையும் பிரித்துக் காட்டும் கேள்விகளைத் தேடித் தேடி வைப்பார்கள்.

இங்கேதான் பர்சன்டைல் என்ற சொல் வருகிறது. இதைச் சதவீதம் என்று நினைத்து ஏமாறாதவர்கள் குறைவு. சதவீதம் உங்கள் விடைத்தாளைப் பற்றியது: நூற்றுக்கு எத்தனை வாங்கினீர்கள் என்பது. பர்சன்டைல் உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றியது: எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்கள் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்பது. நீட்டில் பொதுப் பிரிவினர் தகுதி பெற 50 பர்சன்டைல் வேண்டும். அதாவது, எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்ட வேண்டும். 720இல் பாதியான 360 வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. 2024இல் அந்த இடம் 162 மதிப்பெண்ணில் வந்து நின்றது. 2025இல் வினாத்தாள் கடினமாக இருந்ததால் 144க்கு இறங்கியது. 144 என்பது 720இல் சரியாக 20 சதவீதம். பிளஸ் டூவில் அந்தச் சதவீதம் வாங்கினால் ஃபெயில்.

அந்த அம்மாவிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். ஜூலையில், பாதிப் பாடம் நடத்தாத நிலையில், உங்கள் மகள் எடுத்த 180 வெட்கப்பட வேண்டிய எண் இல்லை. அதேசமயம் ஒன்றை மறைக்கவும் கூடாது. தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. 2025இல் தகுதி பெற்றவர்களே 12 லட்சம் பேருக்கு மேல். அரசுக் கல்லூரி இடம் வேண்டுமென்றால் இன்னும் வெகுதூரம் மேலே போக வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு வந்து நிற்பதைப் பார்க்க முடிந்தது அதனால்தான்.

என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களில் பொறியியல் சேர எழுதும் ஜேஇஇ மெயினில் பர்சன்டைல் இன்னொரு வேலையும் செய்கிறது. அந்தத் தேர்வு பல நாட்கள், காலை மாலை என்று பல ஷிஃப்ட்டுகளாகக் கணினியில் நடக்கும். ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் வேறு வினாத்தாள். ஒன்று கடினமாகவும் ஒன்று எளிதாகவும் அமைந்துவிடலாம். அதனால் அந்தந்த ஷிஃப்ட்டில் எழுதியவர்களுக்குள் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கணக்கிட்டு அதையே மதிப்பெண்ணாகக் கொடுக்கிறார்கள். 300க்கு எத்தனை என்பதைவிட உங்களோடு அன்று எழுதியவர்களில் எத்தனை பேரைத் தாண்டினீர்கள் என்பதே முக்கியம்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிய விஷயமும் இல்லை. 1984 முதல் 2006 வரை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மாநில அரசே நுழைவுத் தேர்வு நடத்தியது. இன்றைய பெற்றோரில் சிலர் அதை எழுதியிருப்பார்கள். கிராமப்புற மாணவர்களுக்கு அது பாதகமாக இருக்கிறது என்று நீக்கினார்கள். பிறகு பத்தாண்டுக் காலம் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று இருந்தது. 2017இல் நீட் இங்கே கட்டாயமானபோது மாணவர்கள் மட்டும் திகைக்கவில்லை, ஆசிரியர்களாகிய நாங்களும் திகைத்தோம். அப்படிக் கேள்வி கேட்கும் பழக்கமே வகுப்பறையை விட்டுப் போயிருந்தது. நீட் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஆனால் மே மாதம் போய் எழுதப்போகும் பிள்ளை என் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அவளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது.

ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம்

பிளஸ் ஒன் இயற்பியலில் எறிபொருள் இயக்கம் படித்திருப்பீர்கள். பள்ளித் தேர்வில் கிடைத்தள நெடுக்கத்துக்கான, அதாவது எறிந்த பொருள் போய் விழும் தூரத்துக்கான, சமன்பாட்டைத் தருவிக்கச் சொல்வார்கள். ஐந்து மதிப்பெண். படம் போட்டு வரிவரியாக எழுதினால் முழு மதிப்பெண்.

நுழைவுத் தேர்வில் இப்படி வரும்: ஒரே வேகத்தில் இரண்டு பந்துகள் எறியப்படுகின்றன, ஒன்று தரையோடு 30° கோணத்தில், மற்றது 60° கோணத்தில். அவற்றின் நெடுக்கங்களின் விகிதம் என்ன? நான்கு விடைகள்: 1:√3, 1:3, 1:1, √3:1.

சமன்பாட்டைத் தருவிக்கத் தெரிந்த பிள்ளைகளே இங்கே தடுமாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நெடுக்கம், கோணத்தின் இருமடங்குக்கான சைன் மதிப்பைப் பொறுத்தது. 30இன் இருமடங்கு 60, 60இன் இருமடங்கு 120. இரண்டுக்கும் சைன் மதிப்பு ஒன்றே. ஆகவே விடை 1:1. கைவைத்துக் கணக்குப் போட வேண்டியதே இல்லை, பத்து விநாடி வேலை.

இப்போது மற்ற மூன்று விடைகளைப் பாருங்கள். இருமடங்காக்க மறந்து நேராக சைன் போட்டவருக்கு 1:√3 கிடைக்கும். சைனுக்குப் பதில் கொசைன் போட்டவருக்கு √3:1 கிடைக்கும். பெரும உயரத்தின் சமன்பாட்டைக் குழப்பிக்கொண்டவருக்கு 1:3 கிடைக்கும். ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்துக்காகவே வைக்கப்பட்டது. தப்பாகப் போட்டவரும் தன் விடை அங்கே இருப்பதைப் பார்த்து "ஆ, வந்துவிட்டது" என்று நிம்மதியாகக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பொதுத் தேர்வில் பாதி வழி சரியாகப் போனால் பாதி மதிப்பெண் உண்டு. இங்கே அது கிடையாது. விடைக்கான வட்டத்தைக் கருப்பாக்கும் ஓஎம்ஆர் தாள் வழியைப் பார்ப்பதில்லை, வட்டத்தை மட்டுமே பார்க்கிறது.

எங்கள் சனிக்கிழமை வகுப்பில் சரியான விடையைச் சொன்னதோடு விடமாட்டேன். மற்ற மூன்றும் ஏன் தப்பு, எப்படித் தப்புப் பண்ணினால் அந்த விடை வரும் என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஆறு கேள்விதான் முடியும். அந்த ஆறு கேள்விகள் அறுபது கேள்விகளை அவசரமாகப் போடுவதைவிட மேல் என்பது என் அனுபவம்.

தவறுக்கு ஒரு விலை

நீட்டில் 180 கேள்விகள்: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூடும், தவறான விடைக்கு 1 குறையும், விட்டுவிட்டால் பூச்சியம். நேரம் 180 நிமிடம்.

இந்த மைனஸ் மார்க்கைக் கண்டு சிலர் ஒரேயடியாகப் பயப்படுகிறார்கள், சிலர் ஒரேயடியாக அலட்சியம் செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே வேண்டாம் என்று தெரியும். ஒன்றுமே தெரியாத நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிறீர்கள் என்று வையுங்கள். சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தப்பாகும். 4 வந்து 3 போனால் மிச்சம் 1. நான்கு கேள்விக்கு ஒரு மதிப்பெண், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். தப்பு விடைகள் பொறியாக வைக்கப்பட்டிருப்பதால், "இதுவா இருக்கும் போல" என்ற உள்ளுணர்வு பெரும்பாலும் பொறியின் பக்கமே இழுக்கும். ஆக, ஒன்றுமே தெரியாத கேள்வியில் நேரம் செலவழிப்பது வீண்.

ஆனால் ஒரு விடை நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்தால் கதை மாறுகிறது. மிச்சம் மூன்று. அப்படிப்பட்ட மூன்று கேள்விகளில் ஒன்று சரியானால் 4 வரும், 2 போகும், மிச்சம் 2. இரண்டு விடைகளை நீக்கிவிட்டால் இரண்டு கேள்விக்கு 3 மதிப்பெண் மிச்சம். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விதி எளிமையானது: ஒரு விடையையாவது காரணத்தோடு அடிக்க முடிந்தால் எழுது, முடியாவிட்டால் விடு. காரணத்தோடு என்பதுதான் இங்கே முக்கியம்.

இந்த விதியை எல்லாத் தேர்வுக்கும் அப்படியே கொண்டுபோகக் கூடாது. ஜேஇஇ மெயினில் விடையை எண்ணாக நாமே தட்டச்சு செய்யும் கேள்விகள் உண்டு, அதற்கும் தவறானால் 1 குறைகிறது. அங்கே நீக்கிப் பார்க்க விடைகளே இல்லை, குத்துமதிப்பாகப் போடுவது நஷ்டம் மட்டுமே. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வில் சரிக்கு 5, தவறுக்கு 1. சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வில் சரிக்கு 1, தவறுக்குக் கால். எந்தத் தேர்வு எழுதுகிறோமோ அதன் தகவல் குறிப்பேட்டை வாங்கிய அன்றே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். விதிகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. 2021 முதல் 2024 வரை நீட்டில் 200 கேள்விகள் கொடுத்து 180 எழுதச் சொன்னார்கள், 2025இல் அந்த வசதி போய்விட்டது. பழைய அண்ணன் அக்காவின் அறிவுரை பழைய விதிக்கானதாக இருக்கலாம்.

பிழை நோட்டு

நுழைவுத் தேர்வுக்குத் தயாராவதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்ய முடியும் என்றால் எதைச் செய்யலாம் என்று கேட்டால், பிழை நோட்டு என்றுதான் சொல்வேன். நூறு பக்க நோட்டு ஒன்று போதும்.

மாதிரித் தேர்வு எழுதி முடித்ததும் பெரும்பாலான பிள்ளைகள் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், முகம் வாடும், அடுத்த பாடத்துக்குப் போவார்கள். தேர்வின் பயனே அங்கே வீணாகிறது. மதிப்பெண் வந்த அன்று மாலையே தவறான ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஏன் தவறானது என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் காரணங்கள் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். பாடமே தெரியவில்லை. தெரியும், அந்த நேரத்துக்கு நினைவு வரவில்லை. இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொண்டேன். கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. கூட்டல் கழித்தலில் தவறு. விடை தெரிந்தும் வட்டத்தை மாற்றிக் கருப்பாக்கிவிட்டேன்.

ஒரு மாணவி 180 கேள்விகளில் 100 சரி, 50 தவறு, 30 விட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். 400 கழித்தல் 50, அவள் மதிப்பெண் 350. அந்த 50 தவறுகளைப் பிரித்துப் பார்த்தால் 15 கேள்விகளில் பாடம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. "எது தவறானது" என்பதை "எது சரியானது" என்று படித்திருக்கிறாள், அலகு மாற்ற மறந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் மைனஸ் ஒன்றிலிருந்து பிளஸ் நான்குக்குப் போனால் 5 மதிப்பெண் மாற்றம். 15 கேள்விக்கு 75. புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமல் 350 என்பது 425 ஆகிறது. இதைப் பலகையில் போட்டுக் காட்டும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

மருந்து வகைக்கு வகை வேறு. பாடமே தெரியவில்லை என்றால் புத்தகத்துக்குப் போக வேண்டும். கேள்வியைத் தப்பாகப் படித்ததற்குப் புத்தகத்தை மறுபடி படிப்பதால் பயன் இல்லை. "அல்ல", "தவறான", "தவிர" போன்ற சொற்களைப் பார்த்ததும் பேனாவால் வட்டமிடும் பழக்கம் வேண்டும். கணக்குத் தவறுக்குத் தினமும் பத்து நிமிடம் பின்னம், மடக்கை, பத்தின் அடுக்கு என்று கையால் போட்டுப் பழக வேண்டும். நீட்டில் கால்குலேட்டர் கிடையாது. நோயைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் "இன்னும் நல்லா படி" என்று ஒரே மாத்திரையைக் கொடுப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு.

பார்க்காமல் சொல்லிப் பார்

இரண்டாவது விஷயம் படிக்கும் முறை. நம் பிள்ளைகளுக்குப் படிப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது. மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போல இருக்கும். கண்ணுக்குப் பழகியதை மனதுக்குத் தெரிந்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவினர் ஒரு பத்தியை நான்கு முறை வாசித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று முறை தாளை மூடி நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், மூடி எழுதியவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். பொதுத் தேர்வுக்கு முந்தின ராத்திரிப் படிப்பு ஏன் மறுநாள் காலை கைகொடுக்கிறது, அதே பாடம் மே மாதம் ஏன் காணாமல் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நம் ஊரில் இது தெரியாத விஷயமில்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளையை எழுப்பி நிறுத்தி "பார்க்காமச் சொல்லு" என்பார்கள். ஒப்பித்தல் என்றாலே அர்த்தம் புரியாத மனப்பாடம் என்று பின்னாளில் ஒதுக்கிவிட்டோம். புரியாமல் ஒப்பிப்பது வீண்தான். புரிந்ததைப் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பது பொன். ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். எழுத நேரமில்லையா, பேருந்தில் பக்கத்தில் இருக்கும் தோழியிடம் சொல்லுங்கள். சமையலறையில் அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு நெஃப்ரான் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கேட்கும் காது இருந்தால் போதும்.

இன்னொன்று, பாடங்களைக் கலந்து பயிற்சி செய்வது. ஒரே அத்தியாயத்திலிருந்து நாற்பது கணக்கு போட்டால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம், மேலே தலைப்பிலேயே இருக்கிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. ஒளியியல், வெப்பம், மின்னோட்டம் என்று மூன்றையும் கலந்து பத்துக் கணக்கு போட்டால் மெதுவாகத்தான் போகும், தவறும் கூடும். மனம் தளர வேண்டாம். இது எந்த வகைக் கணக்கு என்று அடையாளம் காண்பதே அங்கே நடக்கும் பயிற்சி, நுழைவுத் தேர்வு கேட்பதும் அதையே.

பிளஸ் ஒன்னைத் தொலைக்காதீர்கள்

நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரு ஆண்டுப் பாடமும் வருகிறது. முன்பு சில பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே பிளஸ் டூவை இரண்டு வருடம் நடத்துவார்கள். அதைத் தடுக்கவே 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு ரத்து என்று அரசு அறிவித்திருக்கிறது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. எறிபொருள், வெப்ப இயக்கவியல், வேதிப் பிணைப்பு, செல், தாவர உள்ளமைப்பியல் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. அதை விட்டவர்கள் பிளஸ் டூ முடிந்த பிறகு ஏப்ரல் மாதத்தில் ஒரு வருடப் பாடத்தைத் தேடி ஓடுகிறார்கள்.

நீட்டுக்கான பாடத்திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிடுகிறது. அதை அச்செடுத்து மேசைக்கு மேல் ஒட்டுங்கள். நம் மாநிலப் புத்தகங்கள் 2018க்குப் பிறகு திருத்தப்பட்டு நன்றாகவே இருக்கின்றன, சில இடங்களில் தேவைக்கு மேலும் உண்டு. உயிரியலுக்கு மட்டும் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி புத்தகத்தையும் வரிவரியாகப் படியுங்கள். கேள்விகளின் வாசகம் பல நேரம் அதை ஒட்டியே வருகிறது. என்சிஇஆர்டி தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பழைய வினாத்தாள்களும் இணையத்தில் கிடைக்கின்றன. கான்பூர் ஐஐடி நடத்தும் சாத்தி என்ற தளம் 2023 முதல் இலவசமாகப் பாடமும் பயிற்சியும் தருகிறது. இவ்வளவு இருக்கும்போது நிலத்தை அடகு வைத்து, இரண்டு வருட விடுதிக் கோச்சிங்கில் சேர்ப்பது அவசியமா என்று கேட்கிறார்கள். கேள்வி கேட்டுத் திருத்தும் ஓர் ஆசிரியர், கூடவே படிக்கும் நாலு பேர், வாரம் ஒரு தேர்வு: இந்த மூன்றும் கிடைக்கும் இடம் எதுவானாலும் போதும் என்பது என் கருத்து. ஆறாம் வகுப்பிலேயே ஃபவுண்டேஷன் என்று சேர்ப்பது வேண்டவே வேண்டாம். அந்த வயதில் பின்னமும் விகிதமும் பயமில்லாமல் வந்தால் அதுவே பெரிய அடித்தளம்.

தமிழ் வழியில் படிப்பவர்கள் தமிழிலேயே நீட் எழுதலாம். ஜேஇஇ மெயினிலும் 2021 முதல் தமிழ் உண்டு. ஆனால் ஐஐடியில் சேர எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. நீட் தமிழ் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் சேர்ந்தே இருக்கும், முரண்பாடு வந்தால் ஆங்கிலமே இறுதி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பிள்ளைகள் பட்ட வேதனை எனக்கு மறக்கவில்லை. அதனால் எங்கள் வகுப்பில் கலைச்சொற்களுக்கு ஒரு சின்ன அகராதி நோட்டு வைத்திருக்கிறோம். வேகம் என்றால் ஸ்பீடு, திசைவேகம் என்றால் வெலாசிட்டி, உந்தம் என்றால் மொமெண்டம். தமிழில் ஒரு கேள்வி இடறினால் கண் உடனே ஆங்கிலப் பக்கம் போக வேண்டும், அங்கே இருக்கும் நாலு சொற்கள் அடையாளம் தெரிந்தால் போதும்.

வீட்டில் பேச வேண்டியது

இந்தத் தேர்வின் பெயரால் தமிழ்நாடு பிள்ளைகளை இழந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத என்னால் முடியாது. இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம் என்பதைத் தேர்வுக்கு முன்பே, நிதானமாக இருக்கும் ஒரு நாளில், வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். தமிழ்நாடு அரசின் கலந்தாய்வு வழியாக நடக்கும் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வே இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட் ஆஃப் போட்டு இடம் தருகிறார்கள். வேளாண்மை, செவிலியம் போன்றவற்றுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணே வழி. அறிவியல் ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் ஐசர் (IISER) என்ற மத்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் தேர்வு இருக்கிறது. ஆகவே பொதுத் தேர்வைக் கைவிட்டுவிட்டு நீட் மட்டும் படிப்பது ஆபத்தான யோசனை. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் ஒதுங்கினால் மதிப்பெண் பேச்சை நிறுத்திவிட்டு அருகில் உட்காருங்கள். 104 என்ற மாநிலச் சுகாதார உதவி எண்ணிலும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் இதற்கு உதவி கிடைக்கும். கூப்பிடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

சரி, அந்த அம்மாவிடம் வருகிறேன். "நான் என்ன செய்யணும் டீச்சர்?" என்று கடைசியில் கேட்பார். நீட் கடந்த சில ஆண்டுகளாக மே மாத முதல் ஞாயிறு பிற்பகலில் வருகிறது, 2025 முதல் நேரம் 2 மணி முதல் 5 மணி வரை. நம் வீடுகளில் ஞாயிறு மதியம் என்றால் நல்ல சாப்பாடு, அப்புறம் தூக்கம். அந்த நேரத்தில் மூளையும் தூங்கிப் பழகியிருக்கிறது. ஜனவரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, 12 மணிக்கே லேசாகச் சாப்பாடு போட்டு, 2 மணிக்குப் பழைய வினாத்தாள் ஒன்றையும் அச்செடுத்த ஓஎம்ஆர் தாளையும் கறுப்புப் பந்துமுனைப் பேனாவையும் கொடுத்து உட்கார வையுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள், விருந்தாளி வந்தால் வாசலிலேயே பேசுங்கள். உயிரியலை ஐம்பது நிமிடத்துக்குள் முடித்தால் இயற்பியலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். தெரிந்ததை எல்லாம் முதல் சுற்றில் எழுதிவிட்டு, சந்தேகமானவற்றுக்கு இரண்டாம் சுற்று வர வேண்டும். வட்டத்தைக் கடைசியில் மொத்தமாகக் கருப்பாக்கலாம் என்று வைத்திருக்கக் கூடாது, பக்கத்துக்குப் பக்கம் நிரப்பிக்கொண்டே போக வேண்டும். 5 மணிக்குத் தாளை வாங்கிவிடுங்கள், ஒரு நிமிடம்கூடக் கூடுதல் கிடையாது.

அப்புறம் ஒரு காப்பி கொடுங்கள். எத்தனை மார்க் என்று அன்றைக்குக் கேட்காதீர்கள். எந்தக் கேள்வியில் ஏமாந்தாய் என்று கேளுங்கள், அவளே பிழை நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள்.